பச்சை ஸ்வெட்டர்

மகள் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு அப்பா மேல் எரிச்சல் வந்துவிட்டது.

குன்னூர் பஜாரில், இப்போது செல்போன் கடை இருக்கும் இடத்தில்தான் அப்பாவின் சலூன் இருந்தது. பவுடரும் ஈரத்துண்டும் மணக்கும் அந்த அறையில், கண்ணாடிக்கு மேலே, உலக யுத்த காலத்துச் சிப்பாய் யாரோ ஒட்டிவிட்டுப்போன படத்தில் ஒரு சினிமா நடிகை நீச்சலுடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு முடிவெட்டப் பெண்களும் வருகிறார்களே என்று, கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ட்டில் அப்பா அவளுக்குக் கழுத்துவரை ஸ்வெட்டர் வரைந்துவிட்டார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அதன்மேல் இன்னொரு பூச்சு.

ஒருநாள் வயதான அம்மாள் ஒருவர் வந்து படத்தையே பார்த்தபடி நின்றார்.

"அது நான்தாங்க. யுத்தம் முடிஞ்சதும் சான்ஸும் போச்சு. நான் நடிச்ச படத்துல ஒண்ணுகூட இப்ப இல்ல. இதாவது இங்க இருக்குன்னு சொன்னாங்க."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்மூர்க் குளிருக்கு ஸ்வெட்டரு நான்தானுங்கம்மா போட்டுவுட்டேன்!"

அந்த அம்மாள் எக்கி, நகத்தால் பச்சையை மெல்லச் சுரண்டினார். பெயின்ட்டோடு தோளும் உரிந்து வந்தது.

அவர் படியிறங்குவதற்குள், உரிந்த இடத்தை மூட அப்பா பிரஷ்ஷைத் தேட ஆரம்பித்துவிட்டார்.