எலுமிச்சம்பழம் மோந்த லாரிக்காரர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஞாபகமும் தப்பும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குருவிநத்தத்தில் எங்கள் கக்கூஸ் தொட்டி நிரம்பியபோது, அதை உறிஞ்ச டேங்கர் லாரியில் ஒருவர் வந்தார். கசங்காத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பாதி எலுமிச்சம்பழத்தை அடிக்கடி மோந்துகொள்வார்.

வேலை முடிந்ததும் சொம்பில் தண்ணீர் நீட்டினேன்.

"வேணா ஆயா. உங்க ஊரு தண்ணி நான் குடிக்கறதில்ல."

"எங்க தண்ணிக்கு இன்னாப்பா கொற?"

சிரித்துக்கொண்டே தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. சொம்புதான் அழுக்கோ என்று புளி போட்டுத் தேய்த்தேன்.

சாயங்காலம் ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனால், கரும்புக் கொல்லை ஓரம் அதே லாரி. அதன் குழாய் வாய்க்காலுக்குள் கிடந்தது. எங்கள் வீட்டு மலமெல்லாம் நுரைத்துக்கொண்டு ஓடியது. அவர் பழத்தை மோந்தபடி நின்றார்.

"சுத்தம் பண்ற எடத்துக்கு எடுத்துட்டுப் போறேன்னியேப்பா?"

"அது ரொம்ப தூரம் ஆயா."

அந்த வாய்க்காலை ஒட்டித்தான் எங்கள் குடிதண்ணீர் போர்வெல் இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது சொம்பைத் தூக்கினாலே அந்த நுரைதான் ஞாபகம் வருகிறது. ஆனாலும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன்.

படித்தவர்கள் யாராவது எங்கள் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். நான் எழுதியது தப்பென்று சொன்னால் சந்தோஷப்படுவேன்.