சாரிக்குச் சொந்தக்காரர்கள்

எங்கள் வீட்டில் மொழிகளுக்குப் பாகப்பிரிவினை நடந்து முடிந்திருந்தது. சண்டை போடவும் சாமி கும்பிடவும் தமிழ். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் கண்டக்டர் எல்லாம் மலையாளத்தின் பங்கு. யாரைக் கண்டால் பயமோ அவர்களுக்கு இங்கிலீஷ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அதில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த முதல் ஆள் நான். ஆகவே ஏழாம் வகுப்பிலேயே, பயப்பட வேண்டிய பெரிய மனிதர்களுக்கெல்லாம் கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாங்குக்கு எழுதினேன், கேஸ் ஏஜென்சிக்கு எழுதினேன். யாராவது காகிதத்தோடு வாசலில் வந்து நின்றால் அன்று அம்மா என்னைப் பாத்திரம் கழுவச் சொல்லமாட்டாள். அதில் எனக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

கர்வத்துக்கு இன்னொரு காரணம் ஒரு புத்தகம். கட்டுரைப் போட்டியில் பரிசாக வந்தது. ஓர் இங்கிலீஷ் வார்த்தையைத் தேடினால், அதே பொருள் தரும் வேறு வார்த்தைகளை வரிசையாக எடுத்து நீட்டும் அகராதி. எங்கள் டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரே வார்த்தை ஒரு பத்தியில் இரண்டு தடவை வந்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். அந்த அகராதி வந்தபிறகு நான் சுழி வாங்கியதே இல்லை.

சித்தப்பாவுக்குக் கோவளம் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. அறை அறையாகப் போய் விருந்தினர்களின் அழுக்குத் துணியை வாங்கி வந்து சலவைக்குக் கொடுப்பார். தேய்த்து வந்ததும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார். தினமும் காலையில் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், நெஞ்சில் பெயர் எழுதிய தகடு. எங்கள் சந்தில் ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போன ஒரே ஆள் அவர்தான். அந்த ஷூவுக்கு பாலிஷ் போடுவதற்கு நானும் தம்பியும் அடித்துக்கொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ஒரு காகிதத்தோடு வந்தார். ஹோட்டலில் கொடுத்த மெமோ. ஒரு வெள்ளைக்கார விருந்தினரின் பட்டுச் சட்டை, முதுகில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு திரும்பிப் போயிருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தவர் சித்தப்பா. இரண்டு நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். இங்கிலீஷில், சொந்தக் கையெழுத்தில். வேலை போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"நான் தேய்க்கல மக்களே. வாங்கிக் கொடுத்தது மட்டும்தான் நான். தேய்ச்ச ஆளு பேரை எழுதாண்டாம், பாவம், வயசாயாச்சு. அந்த வெள்ளைக்காரருக்கு சங்கடமாப் போச்சில்லா, அதுக்கு சாரி பறஞ்சு எழுது. நல்ல மரியாதையா இருக்கணும், கேட்டியா?"

எழுத உட்கார்ந்தேன். சித்தப்பா சொல்லச்சொல்ல எண்ணினேன்: சாரி நாலு தடவை வந்தது. டீச்சர் பார்த்தால் பக்கமே சிவந்துபோகும். அதுவும் சாரி என்ன பெரிய வார்த்தையா? பஸ்ஸில் காலை மிதித்தால் சாரி, பென்சில் கீழே விழுந்தால் சாரி. முதல் சாரியைப் போனால் போகிறது என்று விட்டுவைத்தேன். இரண்டாவதற்கு 'ரெக்ரெட்'. மூன்றாவதற்கு 'ரிப்பென்ட்'. நாலாவதற்கு, கடிதத்தின் முத்தாய்ப்பாக, அகராதியின் கடைசி வரியில் ஒதுங்கிக் கிடந்த 'கில்ட்டி'. மடிப்புக் கலையாத புதுச்சட்டை மாதிரி இருந்தது அந்த வார்த்தை.

சித்தப்பா எழுத்துக் கூட்டி வாசித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இந்த கில்ட்டின்னா என்ன மக்களே?"

"சாரிக்குச் சொந்தக்காரன்தான் சித்தப்பா. ரொம்ப மரியாதையான சாரி."

"அப்போ அது இருக்கட்டும்."

சாயங்காலம் முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டு அதைத் தன் கையெழுத்தில் படியெடுத்தார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவர் வீட்டில் இருந்தார். எனக்கு ஒரு மைப்பேனா வாங்கி வந்திருந்தார். "உன் லெட்டரைப் பார்த்து மேனேஜர் அசந்து போயிட்டாரு" என்றார். அப்புறம் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "இவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு அழுக்குத் துணி சுமக்கப்பிடாதுன்னு சொல்லிட்டாங்க மக்களே."

நான் அதை அப்படியே நம்பினேன். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்தேன். ஒரு மாதம் கழித்து சித்தப்பா சாலைக் கடைத்தெருவிலேயே ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மெத்தையில் உட்கார்ந்து துணி கிழிக்கிற வேலைக்கு ஷூ எதற்கு? அது கட்டிலுக்கு அடியில் போனது. கொஞ்ச நாள் வரைக்கும் நான் மட்டும் அதை எடுத்து பாலிஷ் போட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மெமோக்களுக்கு வரும் விளக்கங்களைப் படிப்பது என் வேலைகளில் ஒன்று. போன வருடம் ஒரு டிரைவர் எழுதிக் கொடுத்ததில் அந்தக் 'கில்ட்டி' இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "குற்றவாளின்னு அவரே ஒத்துக்கிட்டாரே, இனி என்ன விசாரணை?" என்றார். அதன் பொருள் எனக்கு வெகுகாலமாகவே தெரியும். ஆனால் அந்தப் பொருளைக் கொண்டுபோய் சித்தப்பாவின் கடிதத்தில் வைத்துப் பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த வாரமே சித்தியைப் பார்க்கப் போனேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். மேனேஜர் கடிதத்தை மலையாளத்தில் வாசித்துக் காட்டி, இது உன் இங்கிலீஷ் இல்லையே, யார் எழுதித் தந்தது என்று கேட்டாராம். நான்தான் சாரே எழுதினேன் என்றாராம் சித்தப்பா.

"பிள்ளை தெரியாம எழுதிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற எழுதிக் கொண்டா போன்னு விட்டிருப்பாரு. ஏன் சொல்லலன்னு நானும் சண்டை பிடிச்சேன். 'விஷயம் வீட்டுக்குத் தெரிஞ்சா, அதுக்கப்புறம் பிள்ளை பேனா எடுக்குமாடி'ன்னு என்னையே திருப்பிக் கேக்காரு."

அந்த மைப்பேனாவை அவர் வேலை போன கையோடு, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே போய் வாங்கியிருக்கிறார். அது பச்சை நிறப் பேனா. எனக்கு நீலம்தான் வேண்டும் என்று அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போய், அதை நீலமாக மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.