தையல் மெஷின்மேல் ஒரு திசைகாட்டி

ஜாலான் புசார் பழைய சாமான் கடையில் பித்தளைப் பாலிஷ் வாசம் மூக்கில் ஏறியதுமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்காரர் ஓர் இராணுவத் திசைகாட்டியைச் சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்து, "நல்லா வேலை செய்யுது லா, ஆன்ட்டி" என்றார். "முதல்ல அந்த இரும்ப எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், வெள்ளைக்காரச் சிப்பாய் யாரோ சாக்கடையோரம் போட்டுவிட்டு ஓடிய இதேபோன்ற ஒன்றை, சிராங்கூன் ரோட்டில் நாங்கள் குடியிருந்த ஜன்னலில்லாத அறைக்குச் சிறுமியாயிருந்த நான் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அகப்பட்டால் தலை போகும். அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போன பிறகு, தினமும் காலையில் தெருவில் பூட்ஸ் சத்தம் ஓய்ந்ததும், அம்மா அதைத் துணிக்குள்ளிருந்து எடுத்துத் தையல் மெஷின் பலகைமேல் வைத்து, நடுங்கும் ஊசி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, "சயாம் வடக்கதான் இருக்கு. ஒங்கப்பாவ நெனச்சுக் கும்பிடு" என்று என்னையும் ஊசி காட்டிய பக்கம் திருப்பிவிடுவாள்.

அப்பா வரவில்லை.

பின்னால் பள்ளியில் காந்தப் பாடம் நடந்த அன்றுதான் புரிந்தது: அந்த ஊசி வடக்கைக் காட்டவில்லை, மெஷினின் இரும்பைக் காட்டியிருக்கிறது. அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. இன்றும் வாங்கும் ஒவ்வொரு திசைகாட்டியையும் இரும்பில்லாத திடலுக்குக் கொண்டுபோய், ஊசி நின்றதும் அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.