மறுநாள் சங்கத்து அண்ணி

"திருந்தினவங்க இத்தனை பேரு இருக்கீங்களே, குடிச்ச டம்ளரைக் கழுவி வச்சவன் ஒருத்தன் உண்டா?"

அண்ணி இதைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மாடியறையில் கூட்டம் முடியும், நாற்காலிகள் இழுபடும், படியில் செருப்புச் சத்தம் இறங்கும். உடனே சமையலறையிலிருந்து ஒலிபரப்பு தொடங்கிவிடும். 'டம்ளரை' என்ற இடத்தில் ஒரு டம்ளர் தொட்டிக்குள் 'ணங்' என்று விழும். ஒரு தடவைகூடத் தாளம் தப்பியதில்லை. அவர் சொன்னது தேநீர் குடித்த டம்ளரைத்தான். ஆனாலும் படியிறங்குகிற அத்தனை பேருக்கும் 'குடிச்ச' என்ற சொல் முதுகில் சுள்ளென்று ஒரு போடு போட்டுவிட்டுத்தான் போகும். அண்ணிக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அண்ணி என்று கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட அவருக்குக் கொழுந்தன் முறை இல்லை. புருஷன் ஊருக்கே அண்ணன் ஆகிவிட்டதால் இவர் தலையில் அந்தப் பட்டம் விழுந்தது. "என்னைக் கேட்டுட்டா வச்சீங்க?" என்பார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் செய்வார்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. நீள மேசை, தலைக்கு மேல் ட்யூப்லைட். ஒரு சட்டை வந்து விழுந்தால் உட்புறத்தைத் திருப்பி, கழுத்து, கை இடுக்கு, ஓரம் என்று விரலை ஓட்டுவார். தப்பு இருக்கிற இடத்தில் அம்பு மாதிரி ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். தையல் விட்டிருந்தால் அது ஆல்ட்டர், பிரித்துத் தைக்கலாம். துணியே போயிருந்தால் ரிஜெக்ட். சூப்பர்வைசர் நொந்துபோய், "அம்மா, உங்க கண்ணு பட்டா நல்ல சட்டையே நூல் விட்டுடும்" என்பான். "நல்ல சட்டைன்னு ஒண்ணு இருந்தா கொண்டா, பாத்துடலாம்" என்பார் அண்ணி, நிமிராமலே.

வீட்டில் இருந்த பீஸ் அண்ணன். லேத் பட்டறையில் வேலை. மெஷின் ஓடும்போதே பத்து பேருக்குக் கேட்கிற தொண்டை. அந்தத் தொண்டையில் சம்பளம் முழுக்க இறங்கியதும், இறங்கிய பிறகு அண்ணியின் முன்பல் ஒன்று போனதும் தெருவுக்கே தெரியும்.

அவர் திருந்திய கதைக்கு இரண்டு பிரதிகள் உண்டு. மேடைப் பிரதியில், அண்ணன் கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, குரலை அடித்தொண்டைக்கு இறக்குவார். "அன்னைக்குச் சாயங்காலம்... எனக்குள்ள... ஒரு குரல் கேட்டது." அந்த இரண்டு இடைவெளியிலும் கூட்டத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வரும். சமையலறைப் பிரதி சின்னது. "குரல் கேட்டது வாஸ்தவம். அது என் குரல்."

நடந்தது இதுதான். அண்ணனும் அவரோடு குடிக்கிற லாரி டிரைவரும் மாடியறையில் மல்லாந்து கிடந்தார்கள். அண்ணி ஒரு குடம் தண்ணீரையும் இரண்டு ரொட்டிப் பொட்டலத்தையும் ஒரு வாளியையும் உள்ளே தள்ளி வெளியே பூட்டு போட்டார். பூட்டுவதற்கு முன், அண்ணன் குடித்துக்கொண்டிருந்த எவர்சில்வர் டம்ளரைப் பிடுங்கி, அங்கிருந்த அலமாரியில் தலைகீழாக அறைந்தார். "இனிமே இந்தக் கருமத்தை நான் கழுவ மாட்டேன்." உள்ளே இரண்டு பேரும் கத்தினார்கள், நடுங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள். பூட்டு திறந்தபோது இரண்டு பேரும் தெளிந்திருந்தார்கள். 'மறுநாள் சங்கம்' பிறந்தது.

பெயர் அண்ணன் வைத்தது. "குடிக்க வேணாம்னு நான் சொல்லல தம்பி. இன்னைக்கு வேணாம், நாளைக்குக் குடிச்சுக்கலாம்." இதுதான் அவர் மந்திரம். நாளைக்கும் இதையே சொல்லிக்கொள்ள வேண்டும். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும் வேலை செய்தது. சேருகிறவன் தான் குடித்துவந்த டம்ளரைக் கொண்டுவந்து மாடியறை அலமாரியில் கவிழ்த்து வைப்பான். வழுக்கி விழுந்தால், எல்லோர் முன்னாலும் எழுந்து போய்த் தன் கையாலேயே அதை நிமிர்த்தி, நடந்ததைச் சொல்லி, மறுபடி கவிழ்க்க வேண்டும். அடுத்தவன் டம்ளரை யாரும் தொடக்கூடாது. மேல் தட்டில் தனியாக அண்ணனுடைய டம்ளர். இந்தச் சடங்கு எந்த ஞானத்தில் உதித்தது என்று புதியவர்கள் கேட்டால், அண்ணன் மேலே பார்ப்பார். அண்ணி தொட்டியைப் பார்ப்பார்.

அண்ணன் ஆட்களைத் தூக்கி நிறுத்தியது பொய்யில்லை. இன்றைக்கு வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக உட்காரும் மருந்துக்கடைக்காரரை, சாக்கடை ஓரத்திலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான். அதே தோளில்தான் சிஸ்டரும் சாய்ந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், புருஷனை இழந்து குடிக்கு வந்தவள். அவளுக்குத் தனியாக ஆறுதல் சொல்ல அண்ணன் போனார், போய்க்கொண்டே இருந்தார். விஷயம் வெளியே கசிந்ததும், "சங்கத்தோட நன்மைக்காக நீ கொஞ்ச நாள் வராம இரும்மா" என்று அதே அடித்தொண்டையில் சொல்லி அவளைத்தான் அனுப்பினார். அவள் நேராகக் கடைக்குப் போய்க் குடித்தாள். பிறகு வெகு நாள் கழித்து, தனியாகவே, பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

அண்ணி அதற்கும் எதையும் போட்டு உடைக்கவில்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை. மாடியறை சங்கத்துக்குப் போய்விட்டதால் மகள் படிக்கட்டில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். ஒருநாள் அவள் கேட்டாள், "அப்பாகூட ஏம்மா இன்னும் இருக்கே?"

"தையல் விட்ட பீஸ்டி. பிரிச்சுத் தைக்கலாம்னு உக்காந்தேன். தைச்சு முடிக்கறதுக்குள்ள ஊரே எடுத்து மாட்டிக்கிச்சு."

பிறகு அண்ணனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அண்ணி வேலைக்குப் போகிற நேரத்தில் டிரைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் ஒரு தனிப் பிறவி. வாயைத் திறந்தாலே "சத்தியமா சொல்றேன்" என்றுதான் தொடங்குவான், மணி கேட்டால்கூட. அண்ணனைப் பற்றி யாராவது அரை வார்த்தை சொன்னால் சட்டைக் கையை மடித்துவிடுவான்.

ஒரு மதியம், கரண்ட் போனதால் தொழிற்சாலையில் சீக்கிரம் விட்டார்கள். அண்ணி வீட்டுக்கு வந்தார். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். டிரைவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சமையலறைக்குள் போன அண்ணி அப்படியே நின்றுவிட்டார். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர்கள், பளபளவென்று தேய்த்து, நீர் சொட்டச் சொட்டக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் அவர் கையைத் தவிர வேறு கை கழுவிய டம்ளர் கிடையாது. அண்ணி ஒன்றை எடுத்து முகர்ந்தார். சோப்பு வாசனை. அதற்கு அடியில், பல் போன நாளின் வாசனை.

"டேய்," என்றார். டிரைவர் எழுந்து வரவில்லை, விழுந்து வந்தான்.

"சத்தியமா சொல்றேன் அண்ணி, நான் மாட்டேன்னுதான் சொன்னேன். 'நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன்லடா, இனிமே தள்ளறதுக்கு நாள் இல்ல, கொண்டா'ன்னாரு. வாங்கிட்டு வந்தேன். 'என்னைத் தனியா குடிக்க வைப்பியாடா, நீயும் ஒரு மடக்கு'ன்னாரு. அண்ணன் சொல்லி நான் எதைத் தட்டினேன்?"

அடுத்த வாரம் அண்ணன் இறந்தார். 'கடைசி மூச்சுவரை ஒரு சொட்டு தொடாதவர்' என்று மருந்துக்கடைக்காரர் பேசினார். சங்கமே அழுதது. டிரைவர் ஏலக்காயை மென்றுகொண்டு நின்றான்.

அந்த ஏலக்காயை அவன் அப்புறம் விடவில்லை. ஒரு மடக்கு என்று ஆரம்பித்தது தினப்படி ஆகிவிட்டது. கண் மஞ்சளித்தது. இனித் தொட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்தார். அண்ணி தெருமுனையில் நிறுத்திக் கேட்டார்.

"எழுந்து போய் உன் டம்ளரை நிமிர்த்தித் தொலையேன்டா. எத்தனை பேரு நிமிர்த்தியிருக்கான்!"

"எப்ப ஆரம்பிச்சேன்னு கேப்பாங்க அண்ணி. அப்ப அண்ணன் பேரு வரும். சத்தியமா சொல்றேன், நான் செத்தாலும் அது என் வாயால வராது."

"செத்துத்தான்டா போவே. அந்த மனுஷன் பேரைக் காப்பாத்த அந்த நர்ஸு ஒருத்தி நாசமானது பத்தாதா, நீ வேற எதுக்குடா?"

அவன் அழுதான். ஆனால் நிமிர்த்தவில்லை.

அண்ணன் இறந்து ஓராண்டு ஆனபோது, மாடியறையில் அவர் படத்தை மாட்ட ஏற்பாடு செய்தார்கள். அலமாரிக்கு மேலேயே ஆணி அடித்தாகிவிட்டது. அழையாத விருந்தாளியாக சிஸ்டர் வந்து, கதவோரம் நின்றாள்.

"அந்த ஆள் படத்தை இங்க மாட்டாதீங்க," என்றாள். "புதுசா வர்ற பொண்ணுங்க அதைப் பாத்துத்தான் உக்காரணும். மாட்டாதீங்க."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவது அவர் வழக்கம். "பாயிண்ட்டு என்னன்னா, சிஸ்டர்... மனுஷன்னா குறை இருக்கும். அது வேற. இது வேற. அவரு இல்லன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன்."

"நீங்க பொழைச்சீங்க. நான் போனேன். அது வேறயா?"

பின்வரிசையில் ஒருவர், "இவங்க சொல்றதும் சரிதானேப்பா" என்று முனகினார். "சரியா? உனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோனை எடுத்தவரு யாருடா?" என்று இன்னொருவர் எகிறினார். அண்ணன் தெய்வம் என்றார்கள், அண்ணன் பித்தலாட்டக்காரர் என்றார்கள். ஒரே வாயால் இரண்டையும் சொன்னவர்களும் இருந்தார்கள். அண்ணி தேநீர்த் தட்டோடு வந்து, முதல் டம்ளரை சிஸ்டரிடம் நீட்டினார். சிஸ்டர் தயங்கினாள். "உன்னை மன்னிக்கல. ஆறிடும், குடி," என்றார்.

சத்தத்தை அடக்க மருந்துக்கடைக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். "டிரைவர் பேசட்டும். கடைசி வரைக்கும் கூட இருந்தவன். அண்ணன் கடைசி நாள்ல எப்படி உறுதியா இருந்தாருன்னு அவன் வாயாலயே கேப்போம்."

டிரைவர் எழுந்தான். ஏலக்காய் வாய்க்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிற்று.

"சத்தியமா சொல்றேன்..." என்றான். நின்றுவிட்டான். "சத்தியமா..." என்றான் மறுபடியும். அவன் பிடித்திருந்த நாற்காலி முதுகு கடகடவென்று ஆடியது. அவன் அந்தப் பொய்யைச் சொல்லிவிடப் போகிறான், சொன்ன கையோடு நேரே கடைக்குப் போகப் போகிறான் என்பது அண்ணிக்கு அவன் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது.

அண்ணி தட்டைக் கீழே வைத்தார். அலமாரியிடம் போனார். கால்விரலை ஊன்றி எக்கி, மேல் தட்டிலிருந்த அண்ணனின் டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார். தூசி வட்டமாகப் பிரிந்தது.

"போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி குடிச்சாரு. கழுவி வச்ச டம்ளரை நானே மோந்து பாத்தேன். இவனை வாங்கிட்டு வரச் சொல்லி, இவனையும் குடிக்க வச்சாரு. அவரால வந்து நிமிர்த்த முடியாது. அதான் நான்."

பின்வரிசையில் நாற்காலிகள் இழுபட்டன. டிரைவர் அலமாரிக்கு நடந்து போனான். தன் டம்ளரைத் தேடி எடுத்து நிமிர்த்தினான், அதைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவன் அழுகையைக் கேட்க அங்கே பாதிப் பேர்தான் மிச்சம் இருந்தார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே படியிறங்கிக் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அன்றைக்கே குடித்துவிட்டு அண்ணி வீட்டுக் கதவை உதைத்தான். "அண்ணனே குடிச்சாருன்னா நான் எம்மாத்திரம்டீ!"

சங்கம் இரண்டானது. படம் மாட்டியவர்கள் மருந்துக்கடை மாடியில் கூடினார்கள். படம் வேண்டாம் என்றவர்கள் வேறொரு வாடகை அறை பிடித்தார்கள். இரண்டு தரப்புக்குமே அண்ணி ஆகவில்லை. புருஷன் மானத்தை வாங்கியவள் என்றது ஒன்று, இவ்வளவு நாள் மூடி மறைத்தவள் என்றது இன்னொன்று. டிரைவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து காலி மாடியறையில் உட்கார்ந்திருப்பான். நடுவில் இரண்டு முறை விழுந்தான், இரண்டு முறையும் நிமிர்த்தினான். கண் மஞ்சள் குறையவில்லை. கூடவும் இல்லை.

நெடுநாள் கழித்து மருந்துக்கடைக்காரர் வந்தார். அண்ணி தேநீர் கொடுத்தார். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டார்.

"பாயிண்ட்டு என்னன்னா அண்ணி... புது ஆளுங்க வர்றாங்க. நம்பிக்கைன்னு ஒண்ணு வேணும் இல்ல? உங்களுக்கும் வயசாச்சு. 'அன்னைக்கு அது மருந்து வாசனையா இருக்கலாம், எனக்குச் சரியா ஞாபகமில்ல'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, எல்லாரும் பழையபடி இங்கயே வந்துடுவாங்க. மாடி நிறைஞ்சிடும்."

அண்ணி அவரைக் கழுத்திலிருந்து ஓரம் வரை ஒரு முறை பார்த்தார், ஸ்டிக்கரை எங்கே ஒட்டலாம் என்கிற மாதிரி.

"ஞாபகமில்லன்னு சொல்லணும், அவ்வளவுதானே? சொல்றேன். அதுக்கு முன்னாடி என் பல்லு போனது, என் பொண்ணு படிக்கட்டுல உக்காந்து எழுதினது, அந்த நர்ஸு வாயைப் பொத்திக்கிட்டு இந்தப் படியில இறங்கிப் போனது, இதெல்லாம் மறக்கறதுக்கு ஒரு மாத்திரை கொண்டாங்க, உங்க கடையிலதான் எல்லாத்துக்கும் மாத்திரை இருக்கே. அதெல்லாம் மறந்துச்சுன்னா, வரிசையில கடைசியா அந்த டம்ளரையும் மறந்துடறேன். இப்ப டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. டம்ளரை அங்கயே வச்சிட்டுப் போங்க, நீங்க கழுவி வச்சா அப்புறம் உங்க மேலயும் எனக்குச் சந்தேகம் வந்துடும்."