தூக்கக்காரம்மா

என் அக்காவின் தொழில் அடுத்தவர் தூக்கத்தை அளப்பது. பத்து வருடம் ஆஸ்பத்திரியில் அளந்தாள். அங்கே புதுக் கட்டில், உடம்பெல்லாம் வயர், கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள். யாருக்குத் தூக்கம் வரும்?

"முழிச்சுக்கிட்டு இருக்கறவங்க தூக்கத்தை எப்படிடா அளக்கறது?" என்று அலுத்துக்கொண்டு வேலையை விட்டாள். இப்போது கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, டாக்டர் அனுப்பும் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போகிறாள். சாயங்காலம் விரலில் கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் பட்டை மாட்டிவிடுவாள். காலையில் போய்க் கழற்றுவாள். ஊரில் அவள் தூக்கக்காரம்மா. எனக்கு உள்ளூரப் பெருமைதான். அவளிடம் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

இரண்டு மாதம் முன்னால் ஒரு பஸ் டிரைவர். சிக்னலில் நின்றபோது கண் அசந்துவிட்டார். ரிப்போர்ட் வராமல் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அக்கா அவர் வீட்டுக்குப் போய்க் கருவியை மாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலை பதிவைப் பார்த்தால் சுத்தம். பத்து நொடி மூச்சு நின்றால்தான் கணக்கு. இவருக்கு ஒருமுறைகூடப் பத்தைத் தொடவில்லை. டிரைவர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அக்காவுக்கு மட்டும் உறுத்தியது. மூச்சு நின்ற எட்டாவது நொடியில் உடம்பு குலுங்குகிறது, மூச்சு வருகிறது. ராத்திரி முழுக்க இதே கதை. தூங்குகிற உடம்பு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. நிமிர்ந்து பார்த்தாள். டிரைவரின் மனைவி காபி டம்ளரைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி இவரை எழுப்பினீங்களாம்மா?"

"எழுப்பல. மூச்சு நின்னா தோளைப் பிடிச்சு உலுக்குவேன். பதினாறு வருஷமா அப்படித்தான்."

டிரைவருக்கே அது புதுச் செய்தி.

"இன்னைக்கு நீங்க அடுத்த ரூம்ல படுங்க," என்றாள் அக்கா.

"அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

வீட்டுப் பரிசோதனையில் ஆள் உட்காரும் வழக்கமே இல்லை. ஆனாலும் அக்கா, "நான் உக்காந்திருக்கேன். நீங்க போய்ப் படுங்க," என்று சொல்லிவிட்டாள்.

அன்றைய பதிவில் மணிக்கு நாற்பது முறை மூச்சு நின்றிருந்தது. டிரைவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"நேத்து ரிப்போர்ட்டையே கொடுத்திருக்கலாமே மேடம். என் பொழப்பு போச்சு."

"அது உங்க ரிப்போர்ட் இல்லண்ணா, உங்க வீட்டம்மாவோடது. ராத்திரி மூச்சு நிக்காம காத்து தர்ற மாஸ்க் போட்டுத் தூங்குங்க. டாக்டர் சரின்னதும் வண்டியை எடுக்கலாம்."

அவர் நம்பவில்லை. கோபத்தில் அக்காவை வாசல்வரைகூட வந்து வழியனுப்பவில்லை. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் கிண்டல் செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்து, மாஸ்க் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் காலை எட்டரை மணிக்குப் போனாள். டிரைவரே கதவைத் திறந்தார். தேய்த்த காக்கிச் சட்டை, மூக்கின் மேல் மாஸ்க் பதிந்த தடம். முந்தின நாள்தான் டிப்போவில் வண்டியைக் கொடுத்திருந்தார்கள். அக்கா வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசுங்க மேடம். அவ இன்னும் தூங்கறா."