லேடி சாஃப்ரனின் இடப்பக்கம்

தாஹா பாய் இடப்பக்கமாகத்தான் வருவார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி "ட்ளக், ட்ளக்" என்று ஓசை எழுப்பி, தான் வருவதை முதலில் தெரிவிப்பார். பிறகு கல்லறைக் கல்லின் தலைமாட்டில் உள்ளங்கையை வைத்து, "சலாம் மவளே, நல்லா இருக்கியா?" என்பார். உள்ளே கிடப்பது லேடி சாஃப்ரன். கிண்டியில் கோப்பைகள் வென்ற பந்தயக் குதிரை. தாஹா பிறப்பதற்கு முன்பே செத்துப்போனது.

மரக்காணம் உப்பளத்தின் ஓரம், சவுக்குத் தோப்பை ஒட்டிய மேட்டில் இப்படி நான்கு கல்லறைகள் இருக்கின்றன. கால் வீங்கிய குதிரைகளைக் கடல் தண்ணீரில் நிற்க வைத்தால் வீக்கம் வடியும் என்று, சென்னை முதலாளி ஒருவர் அந்தக் காலத்தில் இங்கே கொட்டகை போட்டிருந்தார். குணமானவை திரும்பிப் போயின. மற்றவை மேட்டிலேயே தங்கிவிட்டன.

தாஹா துபாயில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரி இல்லாத நேரமெல்லாம் மேட்டில்தான். குதிரையை இடப்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும், பின்னால் போகக் கூடாது என்பது லாயத்துப் பழக்கம்; நிறுத்தியிருக்கும் பைக்குக்குப் பின்னால்கூட நடக்க மாட்டார். கல்லறையின் கால்மாட்டில் யாராவது குறுக்கே போனால், "ஏம்மா, பின்னாடி போவாத! ஒதைக்கும்!" என்று கத்துவார்.

"செத்ததும் ஒதைக்குமா பாய்?" என்று சிரிப்பாள், உப்புக் கூடையோடு போகும் கொளஞ்சியம்மாள்.

"ஒதைச்சா சந்தோசம்தான்."

"வூட்டு செவுரு பேந்து கெடக்குது, இவரு குதிரைக்கு வெள்ளையடிக்கிறாரு" என்பது அவர் மனைவி ஹசீனாவின் குறை. அந்த வெள்ளைதான் வினையாகிவிட்டது. சுண்ணாம்பு உதிராமல் பிடிக்க, இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு அதில் ஒரு பிடி உப்புப் போட்டுக் கலக்குவார்கள். போன பெருநாளுக்கு முன் தாஹாவும் அப்படியே கலந்தார். லேடி சாஃப்ரனுக்கு மட்டும் ஆசையாகக் கூடுதல் பூச்சு. கல் அந்த உப்பைக் குடித்தது. மழைக்காலம் முடிவதற்குள் அதன் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதில் வெட்டியிருந்த பெயரும் கூடவே போயிற்று.

மேடு உப்பள முதலாளி தனகோடிக்குச் சொந்தம். உப்பு லாரிகளைத் திருப்ப அவருக்கு இடம் வேண்டியிருந்தது.

"பேரு இருக்கற மூணும் இருக்கட்டும் பாய். பேரில்லாதது வெறும் மேடுதான். சீசன் ஆரம்பிச்சதும் தட்டிடுவேன்."

"நான் பெயின்ட்டுல எழுதிடறேன் மொதலாளி."

"நீயே எழுதி, நீயே சாட்சியா?"

தாஹா சண்டை போடவில்லை. கிளியனூர் ஏரியிலிருந்து ஆட்டோவில் களிமண் கொண்டுவந்தார். குதிரையின் வீங்கிய காலுக்குச் செய்வதுபோல, நல்ல தண்ணீரில் குழைத்துக் கல்லுக்குப் பத்துப் போட்டு ஈரச் சாக்கைச் சுற்றினார். மண் காய்ந்து மேலே உப்புப் பூத்ததும் உரித்துவிட்டு, மறுபடி புதுப் பத்து. "இழுக்கத்தான் செய்யும், கொஞ்சம் பொறுத்துக்க மவளே" என்று கல்லிடம் சமாதானம் வேறு. பின் சீட்டில் அடித்த ஏரி நாற்றத்துக்குப் பயணிகள் முகம் சுளித்தார்கள்.

மெல்ல, கல் உதிர்வது நின்றது. ஆழமாக வெட்டிய முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. ஆங்கில எல்.

தனகோடி குனிந்து பார்த்தார். "ஒத்த எழுத்து ஒரு பேரா?"

"எம் பொண்டாட்டி என்னை 'ஏங்க'ன்னுதான் கூப்புடறா. அதுக்காக நான் ஆளில்லன்னு ஆயிடுமா மொதலாளி?"

பாத்திக்கு மண் சுமந்துபோன கொளஞ்சியம்மாள் கூடையை இறக்காமலே நின்று சிரித்தாள். தனகோடி சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சீசனின் முதல் லாரி வந்த அன்று, தாஹா ஆட்டோவைச் சாலையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். லாரி ரிவர்ஸில் லேடி சாஃப்ரனின் கால்மாட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கைகாட்டிக்கொண்டிருந்தவர் தனகோடி. திடீரென்று அவர் லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார்.

"டேய், நிறுத்துடா! பின்னாடி போவாத, ஒதைக்கும்!"

டிரைவர் ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்த்தான். தனகோடி கல்லைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக வந்து, அதன் தலைமாட்டில் உள்ளங்கையை வைத்தார்.