கடைசி ரீலுக்குக் காத்திருந்த பகல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். ஒன்றை எழுதும்போதே இன்னொன்று மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்னட தேசத்தில், அடுகோடிப் பக்கம் ஒரு சின்னத் தியேட்டரில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பேன், ஆட்டம் விட்டதும் பெருக்குவேன். காலைக் காட்சிக்குப் பழைய இங்கிலீஷ் படம்தான் ஓடும். எங்களுக்கும் தொம்மலூர்ப் பக்கத்துத் தியேட்டருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட். அங்கே முன்னாடியே ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீலைப் பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கட்டி இங்கே கொண்டுவருவது எங்கள் வீட்டுக்காரர் வேலை. ஒரு ரீல் ஓடுவதற்குள் அடுத்தது வந்தாக வேண்டும்.

காவிரித் தண்ணிக்காகக் கலாட்டா நடந்த வருஷம் அது. அன்றைக்கு ஓடியது ஒரு கௌபாய் படம். கறுப்பு வெள்ளை. காசில்லாமல் எடுத்த படம் என்று பார்த்தாலே தெரியும். ஊருக்கு ஒரே தெரு. "குதிரைகூட ஒண்ணுதான் அக்கா, மாத்தி மாத்தி ஏர்றாங்க" என்று படம் ஓட்டுகிற ஆபரேட்டர் சிரிப்பார். அவர் கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

ஆனால் கதை ஆளை விடாது. பூட்டின அறைக்குள்ளே ஒரு பணக்காரனைச் சுட்டுப் போட்டிருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவன் ஒருத்தன்மேல் பழி விழுந்துவிடும். அவன் கழுத்தில் கயிற்றை மாட்டுகிற இடத்தில் ரீல் முடிந்தது. கடைசி ரீல் வரவில்லை.

லைட்டைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் விசில். அப்புறம் ஒருத்தன், "மேனேஜர், கொன்னது யாருன்னு நீயாவது சொல்லேன்" என்றான். "அவரே கொன்னிருப்பாருடா, அதான் ரீலை ஒளிச்சு வெச்சிட்டாரு" என்றான் பக்கத்திலிருந்தவன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஒருநாளும் லேட்டானதில்லை.

நான் கூச்சக்காரி. மேனேஜரிடம் நின்று பேசியதே கிடையாது. மாடிப்படி ஏறி ஆபரேட்டரிடம்தான் கேட்டேன். அவர் ஆபீஸில் போய்த் தொம்மலூர்த் தியேட்டருக்குப் போன் பண்ணிவிட்டு வந்தார்.

"அப்பவே கிளம்பிட்டாராம் அக்கா."

அதற்குள் ரோட்டில் பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள், தமிழ் ஆட்களைத் தேடுகிறார்கள் என்று சேதி வந்துவிட்டது. மேனேஜர் ஜனங்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, முன்பக்கத்துக் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினார்.

என் பயம் இன்னதென்று மற்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் கன்னடம் நன்றாகப் பேசுவார். பேச்சில் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டி முன்னே தமிழ்ப் படம் வந்துபோன பெட்டி. மெட்ராஸ் கம்பெனி பேரைத் தமிழில் பெரிசு பெரிசாகச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும், நாலு பக்கமும். அதைத்தான் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அந்த ரோட்டில் வருகிறார். ஆபரேட்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிப்போச்சு.

நான் பின்வாசலைத் திறக்கப் போனேன். "ஹோக பேடா அக்கா, போகாதே. உன் பேச்சே காட்டிக் கொடுத்துடும்" என்று குறுக்கே நின்றார். உண்மைதான், எனக்குக் கன்னடம் புரியும், வாயில் வராது. துடைப்பத்தை எடுத்துப் பெருக்கின இடத்தையே பெருக்கினேன். தூரத்தில் கூச்சல் கேட்கும், அடங்கும். டயர் எரிகிற நாற்றம் உள்ளே வந்தது. கதவுப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் கை நின்றுவிடும்.

சாப்பாட்டு வேளை தாண்டிப்போனது. பின்வாசலில் தட்டுகிற சத்தம். துடைப்பத்தோடு கதவுக்கு ஓடினேன். யாரென்று ஆபரேட்டர் கன்னடத்தில் கேட்டார். பதிலும் கன்னடத்தில் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் குரல்தான்.

சைக்கிள் இல்லை. தலையில் பெட்டி. பெட்டி முழுக்கச் சாணி, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. சட்டையெல்லாம் வழிந்திருந்தது.

"மாட்டுக் கொட்டாய் ஒண்ணுல பூந்துட்டேன்" என்றார். "அங்கேயே அள்ளி அப்பிட்டேன். தடுத்தவனுங்க மூக்கைப் பொத்திக்கினு போடான்னுட்டானுங்க. சைக்கிள் போச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு ஓடியாறக் கூடாதா?"

"எப்படி வர்றது? அந்தாளு கழுத்துல கயிறு மாட்டிக் கெடக்குதே, ஜனங்க சும்மா விடுவாங்களா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்க, யாரையும் காணோம்?"

"எல்லாரும் போயாச்சு" என்றேன். அவர் பெட்டியை இறக்கி வைத்து, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரோடு அடங்கும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று ஆபரேட்டர் சொல்லிவிட்டார். பெட்டியைத் துடைத்து ரீலை எடுத்தவர், "இவ்வளவு பாடுபட்டுக் கொண்டாந்திருக்கீங்க, நீங்களாவது பாருங்க" என்று, வெளியே கேட்காமல் இருக்கச் சத்தத்தை அடைத்துவிட்டுப் போட்டார். அத்தனை காலி நாற்காலிகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் கண் திரையில் இருந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்தபடி, காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தேன்.

தூக்கில் போட இருந்தவனை விட்டுவிட்டார்கள், அது நிச்சயம். கொன்றது அந்த ஊர் டாக்டர் என்று எனக்கு ஞாபகம். சவரக்காரன் என்று எங்கள் வீட்டுக்காரர் கடைசிவரை சொன்னார். கலாட்டா நடந்த வருஷம் தொண்ணூற்று ஒன்றா என்பதும் எனக்கு உறுதியில்லை. பழைய படங்கள் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.